நூற்றுக்கு ஒன்று குறைய
(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் நகைச்சுவை நாவலுக்கென்றே ஒரு பரிசு இருக்கிறது. போலிங்கர் எவ்ரிமேன் வுட்ஹவுஸ் பரிசு என்று பெயர். 2000இல் தொடங்கியது. வென்றவருக்குப் பெரிய ஷாம்பெயின் பாட்டில் ஒன்று, ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் எழுதிய நூல்களின் வரிசை, அதற்கு மேல் ஒரு மரியாதை: வென்ற நாவலின் பெயரை ஒரு பன்றிக்குச் சூட்டுவார்கள். நிஜப் பன்றிதான், சிரிக்காதீர்கள். 2018இல் போட்டிக்கு வந்த நாவல்களையெல்லாம் படித்து முடித்த நடுவர்கள், எங்கள் எல்லோரையும் வாய்விட்டுச் சிரிக்கவைத்த புத்தகம் ஒன்றுகூட இல்லை என்று சொல்லி அந்த ஆண்டுப் பரிசையே நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு நேர்மையான காரணத்தை வேறெந்த நடுவர் குழுவும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். பரிசுப் பன்றி குளோஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட் இனம், வெள்ளை உடம்பில் கரும்புள்ளி. பி. ஜி. வுட்ஹவுஸின் கதைகளில் பிளாண்டிங்ஸ் மாளிகையை ஆட்டிப்படைக்கும் 'எம்பிரஸ்' கறுப்பு பெர்க்‌ஷயர் பன்றி. இதையெல்லாம் கவனிக்கிற ஓர் ஆளைத்தான் இன்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பரிசின் பெயரில் எவ்ரிமேன் என்று ஒரு சொல் வந்ததே, அதுதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். 1906இல் ஜே. எம். டென்ட் தொடங்கிய மலிவுப் பதிப்பு வரிசை அது. நடுவில் நலிந்து, 1991இல் டேவிட் கேம்ப்பெல் முயற்சியில் கெட்டி அட்டையோடு மறுபடி எழுந்தது. 2000இல் வுட்ஹவுஸை எடுத்துக்கொண்டார்கள், 2015இல் முடித்தார்கள். மொத்தம் 99 தொகுதிகள். தைத்த கட்டு, துணி அட்டை, ஆந்த்ஷே கிளிமோவ்ஸ்கி வரைந்த மேலுறை. பெங்குவின் பேப்பர்பேக்கில் அயோனிகஸ் வரைந்த அட்டைகளோடு வளர்ந்தவர்களுக்குக் கிளிமோவ்ஸ்கி படங்கள் முதலில் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை, இன்னும் முழுசாகப் பிடித்துவிடவில்லை. ஆனால் பெங்குவின் நடுவில் இரண்டாகப் பிளந்து கையோடு வரும். இது வராது.

ஆசிரியரைப் பற்றி நாலு வரி. 1881இல் கில்ட்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஹாங்காங்கில் நீதிபதி. டல்விச் கல்லூரி என்ற பள்ளியில் படிப்பு. பிறகு லண்டனில் ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியில் இரண்டு ஆண்டு குமாஸ்தா வேலை. 1902இல் முதல் புத்தகமும் வந்தது, வேலையையும் விட்டார். அண்ணன் ஆர்மின் தியசாபிகல் சங்கத்துக்காரர், ஜே. கிருஷ்ணமூர்த்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். நம் அடையாற்றில் ஒரு சிறுவனை உலக குருவாக்க அண்ணன் பாடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், தம்பி அமெரிக்கப் பத்திரிகைகளுக்குக் கதை விற்றுக்கொண்டிருந்தார். 1975 காதலர் தினத்தன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இறந்தார். சர் பட்டம் வந்து ஆறு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

இனி விஷயம். மறுபதிப்பு என்றதும், பழைய புத்தகத்தை எடுத்து அப்படியே மறுபடி அச்சடிப்பது என்று நினைக்கிறோம். வுட்ஹவுஸ் விஷயத்தில் அந்த "அப்படியே" எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. அவர் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஒரே நேரத்தில் கடை போட்டவர். 1915இல் வந்த முதல் பிளாண்டிங்ஸ் நாவல் லண்டனில் 'சம்திங் ஃப்ரெஷ்', நியூயார்க்கில் 'சம்திங் நியூ'. பெயர் மட்டுமா வேறு? அமெரிக்கப் பதிப்பில் இருக்கும் சில பகுதிகள் ஆங்கிலப் பதிப்பில் கிடையாது. 1912இன் 'தி பிரின்ஸ் அண்ட் பெட்டி'யில் இன்னும் வேடிக்கை. லண்டனில் அதை வெளியிட்டது மில்ஸ் அண்ட் பூன், ஆமாம், அதே காதல் கதைக் கம்பெனிதான். அங்கே அது ஒரு காதல் கதை. அமெரிக்காவில் அதே தலைப்பில், ஸ்மித் என்ற பாத்திரம் பத்திரிகை நடத்தும் கதையையும் உள்ளே திணித்து வேறு புத்தகமாக்கிவிட்டார். பிறகு அந்த ஸ்மித் கதை 1915இல் இங்கிலாந்தில் தனிப் புத்தகமாக வந்தது. இப்போது சொல்லுங்கள், மறுபதிப்புக்காரர் எதைக் கையில் எடுப்பார்?

'மைக்' என்ற பள்ளிக்கூடக் கிரிக்கெட் நாவல் 1909இல் ஒரே புத்தகம். 1953இல் அதை இரண்டாக அறுத்து, இரண்டு பெயர் கொடுத்து விற்றார்கள். அதோடு விட்டார்களா? உள்ளே இருந்த பழைய கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, புதிய வீரர்களின் பெயர்களைப் போட்டார்கள். எட்வர்டு மன்னர் காலத்துப் பையன்கள் எலிசபெத் காலத்து ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுகிறார்கள்! அப்போது யாரும் கொடி பிடிக்கவில்லை. 1923இன் 'தி இனிமிடபிள் ஜீவ்ஸ்', பெர்ட்டி ஊஸ்டர் என்ற பணக்கார வாலிபனும் ஜீவ்ஸ் என்ற அவனுடைய புத்திசாலி வேலைக்காரனும் வரும் பத்திரிகைச் சிறுகதைகளின் தொகுப்பு. கதைகளை உடைத்து அத்தியாயமாக்கி நாவல் வேஷம் கட்டினார்கள். படிக்கும்போது தையல் தெரியும்.

தன்னைத் தானே மறுபதிப்பு செய்துகொண்டவர் என்று அவரைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முந்தைய நாவலில் பழைய பாத்திரங்களே வேறு பெயரில் வருகிறார்கள் என்று ஒரு விமர்சகர் குறை சொன்னார். 1929இல் 'சம்மர் லைட்னிங்' முன்னுரையில் வுட்ஹவுஸ் பதில் சொன்னார்: இந்த முறை அந்த ஆளை மடக்கிவிட்டேன், அதே பாத்திரங்களை அதே பெயரிலேயே போட்டிருக்கிறேன். தன் நாவல் இசை இல்லாத இசை நாடகம் என்பதும் அவர் சொன்னதுதான். கை பிராட்வேயில் பழகிய கை. ஜெரோம் கெர்னின் இசைக்குப் பாட்டு எழுதியவர். 'ஷோ போட்' நாடகத்தில் வரும் 'பில்' பாட்டு இவருடையது. யார் எந்தக் கதவு வழியாக வருகிறார், எந்த அலமாரிக்குள் ஒளிகிறார் என்பதெல்லாம் மேடைக்காரனின் கணக்கு. கதையை எழுதத் தொடங்குமுன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் குறிப்புகளே எழுதுவார். சோம்பேறி வாலிபர்களைப் பற்றி இவ்வளவு உழைத்து எழுதிய ஆள் வேறு இல்லை.

99 தொகுதியும் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆரம்பகாலப் பள்ளிக்கூடக் கதைகள் எல்லாம் தங்கம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கடைசிப் பத்து ஆண்டுப் புத்தகங்களில் மூச்சு வாங்குவதும் தெரிகிறது. ஆனாலும் முழு வரிசை இருப்பதில் ஒரு லாபம். 1902இல் எல்லோரையும் போல எழுதிய ஒரு பையன், 1915 வாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகி, 1934இல் 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' எழுதுவதை வரி வரியாகப் பார்க்கலாம். பொறுக்கியெடுத்த பத்துப் புத்தகங்களில் அந்த வளர்ச்சி தெரியாது. பிறவி மேதை என்று கைகூப்பிவிட்டுப் போய்விடுவோம்.

இந்தப் புத்தகங்கள் அலமாரியிலிருந்து இறக்கப்பட்ட காலமும் உண்டு. 1940 மே மாதம் பிரான்சின் ல டூக்கேயில் ஜெர்மானியரிடம் சிக்கினார். பல சிறைகள் மாறி, கடைசியில் மேல் சைலீசியாவில் டோஸ்ட் என்ற ஊரில் ஒரு மனநோய் விடுதிக் கட்டடத்தில் அடைபட்டார். அங்கேயும் ஒரு நாவல் எழுதினார், 'மணி இன் தி பேங்க்'. 1941 ஜூனில் விடுதலையானதும் பெர்லினிலிருந்து அமெரிக்காவுக்காக ஐந்து வானொலிப் பேச்சு. மேல் சைலீசியாவே இப்படி என்றால் கீழ் சைலீசியா எப்படி இருக்குமோ என்கிற மாதிரி சிறை நகைச்சுவை. லண்டனில் குண்டு விழுந்து ஆட்கள் செத்த நினைவு ஆறாத நேரம். கசாண்ட்ரா என்ற பெயரில் எழுதிய பத்திரிகையாளர் பிபிசியில் துரோகி என்று பொரிந்து தள்ளினார். சில நூலகங்கள் புத்தகங்களை எடுத்துவிட்டன. 1945இல் ஜார்ஜ் ஆர்வெல் அவருக்காக வாதாடி எழுதினார்: முட்டாள்தனம், அதற்குமேல் எதுவும் இல்லை என்று. நானும் அந்தக் கட்சிதான், ஆனால் முட்டாள்தனம் சின்னது என்று சொல்ல மாட்டேன். 1938இலேயே 'தி கோட் ஆஃப் தி ஊஸ்டர்ஸ்' நாவலில் ரோடரிக் ஸ்போட் என்ற பாசிசத் தலைவனைக் கறுப்பு அரைக்கால்சட்டை மாட்டிவிட்டுக் கிழித்தவர் இவர். சட்டைகள் எல்லாம் வேறு கட்சிகள் எடுத்துக்கொண்டதால் மிஞ்சியது கால்சட்டை! அப்படி எழுதிய மனிதருக்கு வானொலி மைக் முன்னால் ஏன் உறைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

2023இல் வேறு ஒரு சர்ச்சை. பெங்குவின் மறுபதிப்புகளில் சில ஜீவ்ஸ் நாவல்களில், இன்றைய வாசகர் ஏற்காத இனச் சொற்களைக் குறைந்த அளவில் திருத்தியிருக்கிறோம் என்று முன்குறிப்பு போட்டார்கள். அந்தச் சொற்கள் அசிங்கமானவை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 'தேங்க் யூ, ஜீவ்ஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் வந்தது. கறுப்பர் வேஷம் கட்டிப் பாடும் வெள்ளைக்காரக் கோஷ்டி ஒன்று அதில் வருகிறது. பெர்ட்டி முகத்தில் பூட் பாலிஷ் பூசிக்கொண்டு கப்பலிலிருந்து தப்புகிறான். பிறகு பாதிக் கதை, அதைக் கழுவ வெண்ணெய் தேடி அலைவதுதான். சொல்லை எடுக்கலாம், பாலிஷை எப்படி எடுப்பது? சுவருக்கு வெள்ளையடிக்கலாம், தூணே கோணலாக இருந்தால் வெள்ளையடித்து என்ன பயன்? சொல்லை அப்படியே விட்டு, முன்னால் இரண்டு பக்கம் நேராக எழுதி வைப்பது மேல் என்பது என் கட்சி. பிடிக்காதவர் அந்த ஒரு புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், மிச்சம் 98 இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து முதல் புத்தகத்திலிருந்து வரிசையாக ஆரம்பிக்காதீர்கள். 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' எடுங்கள். நீர்ப்பல்லி வளர்க்கும் கஸ்ஸி ஃபிங்க்-நாட்டில் போதையில் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பேசும் அத்தியாயம் வரை படியுங்கள். அங்கேயும் சிரிப்பு வரவில்லை என்றால் இந்த ஆசிரியர் உங்களுக்கு இல்லை, மனசாட்சியோடு விட்டுவிடலாம். வந்துவிட்டால் அடுத்து 'தி கோட் ஆஃப் தி ஊஸ்டர்ஸ்', பிறகு பிளாண்டிங்ஸ்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை, எனவே 2035 முடியும் வரை. இங்கிலாந்தில் இன்னும் பத்து ஆண்டு கூடுதல். அமெரிக்காவில் அவருடைய ஆரம்பகால நூல்கள் ஏற்கெனவே காப்புரிமை முடிந்தவை. அதனால் இணையக் கடைகளில் அமெரிக்கப் பிரதியை இறக்கி, பெயர் தெரியாதவர்கள் அச்சிட்ட புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நான் சொன்னேனே, இரு கரைக்கும் இரு பிரதி என்று. எது கைக்கு வருகிறது என்று அவற்றில் தெரியாது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் எந்த ஆண்டு, எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டது என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பன்றி இனங்கள் பற்றியும் கேட்கலாம்.