கெட்ட கொழுப்பைக் குறைக்கும் தாவரப் பொருள்கள்: அளவும் முறையும்

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பும் (கெட்ட கொலஸ்ட்ரால்) சர்க்கரையும் எல்லையைத் தாண்டிவிட்டால் பலர் முதலில் தேடுவது ஏதாவது ஒரு தாவரச் சாறு கேப்சூலைத்தான். உடலுக்குள் மருந்துபோல் வேலை செய்யும் பொருள்கள் தாவரங்களில் இருப்பது உண்மை. ஆனால் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பலன் காட்டியது, யாரும் பெரிதாகப் பேசாத நார்ச்சத்து. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. இது நாளுக்கு 3 கிராம் கிடைத்தால், சில வாரங்களில் எல்.டி.எல். சுமார் 5 முதல் 7 விழுக்காடு இறங்குகிறது. ஓட்ஸ் பொட்டலங்களில் இதய நலம் பற்றிய குறிப்பை அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-லேயே அனுமதி தந்துவிட்டது. 3 கிராம் கிடைக்க, வேகவைக்காத ஓட்ஸ் சுமார் 75 கிராம் வேண்டும். கண்ணளவாகப் போட்டால் பலருக்கும் 30, 40 கிராமோடு நின்றுவிடும். “ஓட்ஸ் சாப்பிட்டும் குறையவில்லையே” என்று கேட்பவர்கள் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்ப்பது நல்லது.

இது வேலை செய்யும் விதம் அழகானது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைக் குடலுக்கு அனுப்புகிறது. அவற்றில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி, மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடும். கரையும் நார் தண்ணீரை இழுத்துக் கூழாகும்போது பித்த அமிலங்கள் அதில் சிக்கி வெளியேறிவிடுகின்றன. கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதைத்தான் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதே கூழ் மாவுச்சத்து செரிக்கும் வேகத்தையும் குறைப்பதால், சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். ஆகவே கூழாகும் தன்மைதான் உயிர்நாடி. பொடியாக அரைத்த உடனடி ஓட்ஸை, அதுவும் சர்க்கரை சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை விஷயத்தில் அந்தப் பலன் தேய்ந்துவிடும்.

இசப்கோல் உமி இன்னொரு நல்ல வழி. நாளுக்குச் சுமார் 10 கிராம் உமியில் 7 கிராம் கரையும் நார் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி உமியை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுச் சில நிமிடம் கவனியுங்கள்: முதலில் மிதக்கும், பிறகு ஊறிப் பருத்து, கரண்டியைத் தூக்கினால் கொழகொழவென்று கூடவே வரும். தொண்டையிலும் இதுவே நடக்கலாம் என்பதால் உலர்ந்த உமியை வாயில் போடவே கூடாது. 240 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். விழுங்குவதில் சிரமமோ குடலில் அடைப்போ இருந்தவர்கள் இதைத் தொடக் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்தும் கூழில் மாட்டிக்கொள்ளும்.

பலர் பாதியில் கைவிடக் காரணம் வயிற்று உப்புசம். 10 கிராம் நாரில் இருந்தவர் ஒரே நாளில் 30 கிராமுக்குத் தாவினால் குடல் நுண்ணுயிரிகள் வாயுவாகக் கொட்டும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்து தாவர ஸ்டெரால்கள். உருவத்தில் கொலஸ்ட்ராலை ஒத்திருப்பதால், குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன. செறிவூட்டிய உணவுகள் வழியே நாளுக்கு 2 கிராம் எடுத்தால் எல்.டி.எல். ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு குறையும். உணவோடு சேர்த்து எடுப்பதுதான் முறை. 3 கிராமைத் தாண்டினால் கூடுதல் பயன் பெரிதாக இல்லை. இது மாத்திரைக்கு மாற்றும் இல்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்தாமல் கூடவே சேர்க்கலாம்.

எதிர்த்திசையில் போகும் தாவரப் பொருளும் உண்டு. காபிக் கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் எல்.டி.எல்.லை உயர்த்துகிறது. கொதிக்கவைத்து வடிகட்டாமல் குடிக்கும் காபியில் அது அதிகம். காகித வடிகட்டி பெரும்பகுதியைப் பிடித்துவிடும்.

தேயிலை, சோயா போன்றவற்றில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவற்றில் பல நேரடியாகக் கொஞ்சமே உறிஞ்சப்படுகின்றன. மிச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் வேறு பொருளாக மாற்றுகின்றன. எடுத்துக்காட்டாக, நுண்ணுயிரிகள் சோயாவின் பாலிஃபீனாலை ஈக்குவால் என்ற பொருளாக மாற்றுவது எல்லோருக்கும் நடப்பதில்லை. ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்காமல் போக இது ஒரு காரணம். அதற்காக அளவைக் கூட்டி, செறிவாக்கிய சாற்றுக்குப் போவது ஆபத்து. பச்சைத் தேயிலைச் சாற்றில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பாலிஃபீனால் நாளுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மாத்திரையாகச் சென்றபோது கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சுட்டிக்காட்டியது. தேயிலையை வடித்துக் குடிப்பதில் அந்தக் கவலை பொதுவாக இல்லை.

மருந்தோடு மோதும் உணவுகளைக் கவனியுங்கள். ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழம் (திராட்சை அல்ல), குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. ஸ்டாட்டின் வகையில் ஒன்றான சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறித் தசைகள் பாதிக்கப்படலாம். அந்த முடக்கம் ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் நாரைக் கூட்டும்போது சர்க்கரையை அடிக்கடி அளந்து, மருத்துவரிடம் சொல்லி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் கே நிறைந்த கீரையை விட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். கூட்ட விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் சீக்கிரமே வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.