மதகுக்கு அந்தப் பக்கம்

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவின் பந்திங் ஆள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வளர்ந்தவன் துறைமுகத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். கிள்ளான் துறைமுகமும் எங்கள் கடலோரத் தோட்டங்களும் ஒரே சேற்றில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அப்பாவுக்குக் கேரித் தீவில் மதகு வேலை. கடலுக்கும் செம்பனைக்கும் நடுவே நீளமான மண்கரை இருக்கும், பண்டு என்போம். அதில் அங்கங்கே மதகு. ஓதம் ஏறும்போது கதவை இறக்கவேண்டும். வற்றும்போது தூக்கி, வாய்க்கால் தண்ணீரை வெளியே விடவேண்டும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் முக்கால் மணி போலத் தள்ளிப்போகும், அப்பாவின் தூக்கமும் கூடவே தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி வந்தால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டிவிடும். கதவை மறந்தால் உப்புத்தண்ணீர் மரத்தடிக்கே வந்துவிடும்.

துறைமுகத்துக்கும் இந்தச் சேறு சும்மா இடம் கொடுக்கவில்லை. முன்பு கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைந்து கிள்ளான் ஊருக்கே போயின. ஆற்றில் ஆழம் போதவில்லை. அதனால் 1901இல் ஆற்றுவாயில் பக்காவ் என்னும் அலையாத்தி மரக்காட்டை அழித்துப் புதுத் துறைமுகம் திறந்தார்கள், போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில். திறந்த சூட்டோடு மலேரியா! வேலையாட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட, இரண்டே மாதத்தில் மூடும் நிலை. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சொன்ன வழி என்ன தெரியுமா? கொசு பெருகத் தண்ணீர் தேங்கக்கூடாது; பண்டு கட்டு, வாய்க்கால் வெட்டு, பள்ளத்தைத் தூர்த்துவிடு. எங்கள் தோட்டத்து வைத்தியம்தான்! அப்புறம்தான் துறைமுகம் பிழைத்தது. தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்த நம் சனம் பலர் கால் வைத்ததும் அங்கேதான். கிள்ளான் துறைமுகம் என்ற இன்றைய பெயர் 1972இல் வந்தது.

இவ்வளவு பெரிய துறைமுகத்துக்குள் பேரலை வராததற்குக் காரணம், முன்னால் நிற்கும் தீவுகள்: கெத்தாம், கிள்ளான், இண்டா, தெற்கே எங்கள் கேரி. அதற்கும் அப்பால் சுமத்ரா. ஆனால் தண்ணீர் அசையாத இடத்தில்தானே வண்டல் படியும்? அதனால் கப்பல் போகும் வழியில் மண் வாரிக்கொண்டே இருக்கவேண்டும்.

வருவது வண்டல் மட்டுமா? கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு நடுவே ஓடி வருகிறது. தலைநகரம் போட்டது எல்லாம் இங்கே வரும். 2019 முதல் ஆற்றில் குப்பை வாரும் இயந்திரம் ஒன்று மிதக்கிறது. நல்ல வேலைதான், ஆனால் போடுகிற கை நிற்கவில்லையே.

கேரித் தீவிலும் ஒரு துறைமுகம் கட்டுவதாகப் பல வருடமாகப் பேச்சு. கட்டட்டும், வேலை கிடைக்கும். பண்டுக்கு முன்னால் நிற்கும் பக்காவை மட்டும் விட்டுவையுங்கள் என்பேன். மரம் போன இடத்தில் கடல் பண்டையே தின்கிறது, கல் கொட்ட வேண்டியிருக்கிறது.

போன மாதம் அப்பாவின் பழைய மதகுக்குப் போயிருந்தேன். பக்காவ் வேர்களுக்கிடையே ஒற்றைச் செருப்பும் கோலாலம்பூர் கடைப் பையும் சிக்கிக் கிடந்தன. தூரத்தில் கன்டெய்னர் கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. மதகுக்காரத் தம்பி கைப்பேசியில் ஓத நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம்ணே" என்று கதவை இறக்கக் கிளம்பினார்.