சுவர் மட்டும் போதாது, கையெழுத்தும் வேண்டும்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

அரும்பொருள்களைப் பேணிக் காட்சிக்கு வைக்கும் இளம் காப்பாட்சியர்களையும் நகரத்துச் சுவர் ஓவியர்களையும் வளர்த்தெடுப்பது அருங்காட்சியகத்தின் வேலையா என்பது இன்றைய வழக்கு. அதன் வேலைதான் என்று வாதாட வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற இடத்தில் செப்புத் திருமேனியை வைப்பீர்களா?" வைக்க மாட்டோம் ஐயா. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. காய்ந்த பிறகும் பெயின்ட் பல நாள் ஆவி விடும். அடியில் இருக்கும் ப்ளைவுட் பலகையும் அசிட்டிக் அமில ஆவியை விடும். நம் திருமேனிகளின் உலோகக் கலவையில் ஈயமும் உண்டு. அந்த அமிலம் முதலில் கைவைப்பது ஈயத்தின் மேல்தான். மூடிய கண்ணாடிப் பேழைக்குள் என்றால் ஆவி வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

இதற்கு வழி இருக்கிறது. ஓவியரைக் கூடத்துக்குள் தீட்டச் சொல்லக் கூடாது. வெளியே நிழல் விழும் தாழ்வாரத்தில், 8க்கு 4 அடிப் பலகையில் தீட்டட்டும். கடைப் பெயர்ப்பலகைக்குப் போடுகிறார்களே, இரு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த அந்த ஏசிபி ஷீட் கிடைத்தால் அமிலத் தொல்லை குறையும். ப்ளைவுட்தான் கட்டுப்படியாகும் என்றால் பின்பக்கத்துக்கும் நாலு விளிம்புக்கும் சேர்த்து ப்ரைமர் அடிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கமாக ஈரம் ஏறி, ஒரே மழைக்காலத்தில் பலகை வில்லாக வளைந்துவிடும். தீட்டி முடித்ததும் காற்றோட்டமான அறையில் குறைந்தது 4 வாரம் நிற்கட்டும். அதற்குள் ஒரு சோதனையும் செய்துவிடலாம். பெயின்ட் அடித்த சிறு துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கூடவே ஈயம், செம்பு, வெள்ளித் தகடுகளை ஒன்றோடொன்று படாமல் தொங்கவிட்டு, கொஞ்சம் தண்ணீரும் வைத்து, இறுக மூடி 60 டிகிரி வெப்பமுள்ள சோதனை அடுப்பில் 28 நாள் வைக்க வேண்டும். தகடு கறுத்தாலோ வெள்ளையாகப் பூத்தாலோ அந்தப் பொருள் சிலைகள் இருக்கும் கூடத்துக்குள் வரக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1970களில் உருவான முறை இது.

பதிவேடும் தணிக்கையும் கோப்பும் பார்க்கும் மூத்த காப்பாட்சியரால் அந்த 28 நாளும் அடுப்பின் வெப்பத்தைப் பார்த்துக் குறிப்பெழுத முடியுமா? அதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். நடுவர் அவர்களே, திருமேனியைக் காப்பாற்றுவதற்கே இளைய கை ஒன்று தேவைப்படுகிறது.

அடுத்து, வீதி ஓவியம் வீதியில்தான் உயிரோடு இருக்கும் என்றார்கள். இத்தாலியின் பொலோனியா நகரத்தைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 2016-இல் ப்ளூ என்ற ஓவியர் அந்த ஊரில் தாம் தீட்டிய சுவர்களைத் தாமே சாம்பல் நிறம் பூசி அழித்தது உண்மை. ஏன் அழித்தார்? அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கண்காட்சியில் வைக்கப் போனார்கள். அதே ப்ளூவை 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் சமகாலக் கலை அருங்காட்சியகம் தானே கூப்பிட்டுத் தன் சுவரில் தீட்டச் சொன்னது. அவர் டாலர் நோட்டு போர்த்திய சவப்பெட்டிகளை வரைந்தார். எதிரே போர்வீரர் நினைவிடமும் முன்னாள் படைவீரர் மருத்துவமனையும். அந்த இடத்துக்கு இது பொருந்தாது என்று அருங்காட்சியகமே வெள்ளையடித்து மறைத்துவிட்டது. ஆனால் 2008-இல் லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில், ஆற்றைப் பார்த்த வெளிச்சுவரில், மற்ற ஓவியர்களோடு அதே ப்ளூ தீட்டினார். அது அந்தக் கோடைக்கு மட்டும் என்பது முன்கூட்டியே முடிவானது. ஆள் ஒருவர்தான், சுவர்கள் மூன்று. எதிரணி நண்பர்களே, ஓவியத்தைக் கொன்றது கூடமா, கேட்காமல் செய்த காரியமா?

கேட்டு வாங்க வேண்டியது இவ்வளவுதான். மாதிரி வரைவை யார், எந்தத் தேதிக்குள் பார்ப்பது? ஓவியம் எத்தனை மாதம் நிற்கும்? பொரிந்து உதிர்ந்தால் திருத்துவதா, உதிர விடுவதா? அழிக்கும் முன் எத்தனை நாள் அறிவிப்பு? படத்தை நாட்காட்டியிலும் டி-ஷர்ட்டிலும் போட்டால் பங்கு யாருக்கு? இரண்டு பக்கத் தாள், இரண்டு கையெழுத்து. இதை அலட்சியம் செய்தால் நம் நாட்டிலும் சட்டம் கேள்வி கேட்கும். டெல்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அது சிதைந்தது. படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தரும் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது.

சென்னைக்கு வாருங்கள். கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் 2020-இல் பிரம்மாண்டமான ஓவியங்கள் எழுந்தன. வெயிலும் உப்புக்காற்றும் அவற்றை விட்டுவைக்காது. சுவரைப் பெயர்த்துக்கொண்டு வாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்து எடுத்த புகைப்படம், பெயின்ட் நிற எண்கள், முதல் வரைவின் நகல், ஓவியரிடம் அரைமணிப் பேட்டி. இந்த நான்கும் ஒரு கோப்பில் இருந்தால் சுவர் போனாலும் ஓவியம் எப்படிப் பிறந்தது என்பது மிஞ்சும். நியூயார்க் வீதி ஓவியர்களின் வரைவு நோட்டுகளையும் கேன்வாஸ்களையும் மார்ட்டின் வாங் என்ற ஓவியர் சேர்த்துவைத்திருந்தார். அவற்றை 1994-இல் அவர் நன்கொடையாகக் கொடுக்க, அந்நகர அருங்காட்சியகம் ஏற்று வைத்துக்கொண்டதால்தான் 2014-இல் கண்காட்சியாக வைக்க முடிந்தது.

சின்ன வயதுக்காரர்களை நம்பி எப்படி ஒப்படைப்பது என்றும் கேட்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களைப் பற்றி சி. சிவராமமூர்த்தி எழுதிய பெருநூல் வெளிவந்தது 1942-இல். அவர் பிறந்தது 1909-இல். கணக்கை நடுவரே போட்டுப் பார்க்கட்டும்.

இனி எங்கள் கோரிக்கை. ஆண்டுக்கு 2 இளம் காப்பாட்சியர்கள், 12 மாதச் சம்பளம், ஒரு சிறு கூடம். அந்தக் கூடத்தின் செலவுக்குக் கையெழுத்திடும் உரிமையும் அவர்களிடமே இருக்கட்டும். ஒவ்வொரு டின் பெயின்டுக்கும் மேலே கோப்பு போய்வந்தால் கண்காட்சி தேதி தாண்டிவிடும். ஓவியருக்குக் கூலியில் 40 சதவீதம் முன்பணம். பில் பிறகு பாஸாகும் என்றால் பெயின்ட், சாரம், உதவியாள் கூலி எல்லாம் அவர் கடன் வாங்கிச் செய்ய வேண்டியிருக்கும்; முடியாதவர் அடுத்த முறை வரவே மாட்டார். லேபிள் தமிழில், 70 சொல்லுக்குள், 24 புள்ளி எழுத்தில் இருக்கட்டும். முதல் வரியில் ஓவியர் பெயர், கடைசி வரியில் சாரம் கட்டியவர் பெயர். நன்றி, வணக்கம்.