கேமுக்குள்ள சாமி: பேரு மட்டும் இருந்தா போதுமா?

வணக்கம் மக்களே, சிங்கப்பூர்லேர்ந்து பேசுறேன், வெளியில செம மழை, சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. போன வீடியோ கமென்ட்ல ஒருத்தர், "ஃபைனல் ஃபேன்டஸில சிவனைப் பொம்பளையா ஆக்கி வச்சிருக்கானுங்களே, உங்களுக்குக் கோவமே வரலையா"ன்னு கேட்டிருந்தாரு. வரல. ஏன்னு சொல்றேன்.

ஃபைனல் ஃபேன்டஸி ஜப்பான்காரங்களோட கேம் சீரிஸ். அந்த சிவா 1990ல ஃபேமிகாம்ங்கிற பழைய நின்டென்டோ மெஷின்ல வந்த மூணாவது பாகத்துலயே இருக்கு, கூப்பிட்டா வந்து ஐஸ் அடிக்கிற தேவதை. 2001ல பிளேஸ்டேஷன் டூவுக்கு வந்த பத்தாவது பாகத்துல பாத்தீங்கன்னா, எதிரிங்கள அப்படியே உறைய வச்சுட்டு விரலால ஒரு சொடக்கு, அம்புட்டுதான், எல்லாம் தூள் தூள். பாக்க அழகு, ஆனா நெற்றிக்கண் இல்ல, தாண்டவம் இல்ல, ஒண்ணும் இல்ல. கைலாசத்துல பனி இருக்குல்ல அதான்னு யாராச்சும் கீழ எழுதுவீங்க, எழுதுங்க லா. அதே கூட்டத்துல ஸ்காண்டிநேவியக் கடவுள் ஓடின் இருக்காரு, அரபுக் கதைல வர்ற ஜின் இஃப்ரித் இருக்காரு, பஹாமுத் இருக்கு. பஹாமுத் அரபுக் கதைல பூமியையே தாங்குற பெரிய மீனு, அதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற டேபிள்ல உக்காந்து ஆடுற கேம்காரங்க டிராகன் ஆக்கிட்டாங்க, ஃபைனல் ஃபேன்டஸிலயும் டிராகனாவே வருது. ஆக நம்மள மட்டும் குறி வச்சு எதுவும் பண்ணல, எல்லா ஊரு பேரையும் ஸ்டிக்கர் மாதிரி எடுத்து ஒட்டிட்டாங்க, இதுல கோவப்பட என்ன இருக்கு.

அட்லஸ்ங்கிற ஜப்பான் கம்பெனியோட ஷின் மெகாமி டென்செய் கேம் வேற ரகம். 1992ல சூப்பர் ஃபேமிகாம்ல வந்துச்சு. விஷ்ணு, காளி, பேய், தேவதூதர் எல்லாரும் "டீமன்"ங்கிற ஒரே பட்டியல்ல, எங்கம்மா பாத்தா டிவியவே ஆஃப் பண்ணிருவாங்க. ஆனா சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மனைப் பாத்து வளர்ந்தவங்களுக்குக் காளி உக்கிரமா நிக்கிறதுல என்ன ஆச்சரியம், அது நம்மளுக்குப் பழகினதுதானே. எனக்குப் புடிச்சது வேற. ரெண்டு டீமனைச் சேத்து மூணாவதா ஒண்ணு உண்டாக்கலாம்ல, 2003ல வந்த மூணாவது பாகத்துல பாரோங்கையும் ரங்டாவையும் சேத்தாதான் சிவா. பாலிக்குப் போய் அந்த ஆட்டத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும், பாரோங் ஊரைக் காக்குற சிங்க உரு, ரங்டா சூனியக்காரி, ரெண்டும் மோதும், ஆனா முழுசா ஜெயிச்சவன்னு யாரும் இல்ல. காக்குறதும் அழிக்கிறதும் சேந்தா சிவன்! ஒரு டயலாக் கூட இல்லாம கேம் ரூலாவே வச்சுட்டான் பாருங்க, யோசிச்சுப் பண்ணின வேலை.

அதே கம்பெனியோட டிஜிட்டல் டெவில் சாகா, 2004, இன்னும் ஒரு படி மேல. ஏரியா பேரெல்லாம் யோகத்துல சொல்ற உடம்புச் சக்கரங்கள், ஹீரோ குரூப்போட இடம் மூலாதாரம், நிர்வாணம், அதாவது முக்தி உலகம், போய்ச் சேரணும்னுதான் எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. பாட்டி விநாயகர் அகவல் சொல்லும்போது காதுல விழுந்த வார்த்தை திடீர்னு மேப்ல வந்து நிக்கும்போது சிரிப்பு வந்துருச்சு. ஆனா அங்க மந்திரம்னா காசு குடுத்து வாங்குறது, அப்புறம் எதிரியைத் தின்னுதான் அதைக் கத்துக்கணும். கொஞ்சம் குமட்டும்.

நடுவுல ஒரு சின்ன விஷயம், நின்டென்டோ அமெரிக்காவுல அந்தக் காலத்துல சிலுவையே ஆகாதுன்னு இருந்தாங்க, டிராகன் குவெஸ்ட்ங்கிற ஜப்பான் கேமோட தேவாலயத்துல இருந்த சிலுவை எல்லாம் அங்க நட்சத்திரமா மாறிப் போச்சு. செத்தவனைப் பாதிரியார் காசு வாங்கிட்டு எழுப்புறது மட்டும் ஓகேவாம்.

இப்ப மெயின் மேட்டர். என்னைக் கேட்டா இருக்கறதுலயே பக்தியான கேம் அல்டிமா ஃபோர், 1985. சாமி படம் ஒண்ணு கூடக் கிடையாது. அதை உருவாக்கின ரிச்சர்ட் கேரியட் இந்து மதத்துலேர்ந்து அவதாரம்ங்கிறதை எடுத்தாரு, ஆனா நீங்க பொறக்கும்போதே அவதாரம் இல்ல, நடந்து காட்டணும். கடைசியில கொல்றதுக்குப் பெரிய வில்லனும் இல்ல. நேர்மை, கருணை, வீரம், பணிவுன்னு எட்டு குணம், கேம் சத்தமே இல்லாம கணக்கு வச்சுட்டே இருக்கும். மூலிகைக் கடைல கண்ணு தெரியாத அம்மா, எவ்வளவு குடுக்குறீங்கன்னு நீங்களே டைப் பண்ணணும், ஒரு காசு குடுத்துட்டு வந்தாலும் பொருள் கிடைக்கும், அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா உங்க நேர்மைக் கணக்கு உள்ளுக்குள்ள கொறஞ்சிரும். கெடுதல் இல்லாத மிருகத்தைத் தாக்கினாலும் அப்படித்தான், கருணை கொறஞ்சிரும். அப்புறம் கோயில் கோயிலாப் போய் தியானம், ஒவ்வொண்ணுக்கும் தனி மந்திரம். ஆன்மிகத்துக்கு மந்திரம் "ஓம்", அந்தக் கோயிலுக்கு நடந்து போகவே முடியாது, அந்த உலகத்துல இருக்குற ரெண்டு நிலாவும் ஒரே நேரத்துல பௌர்ணமி ஆகும்போது தொறக்குற வாசல்ல நுழையணும்! இத்தனையும் பொட்டு பொட்டா இருக்குற கிராஃபிக்ஸ்ல!

ஜிஓஜிங்கிற கேம் விக்கிற வெப்சைட்ல அல்டிமா ஃபோர் இலவசமாவே கிடைக்குது, வெளையாடிப் பாருங்க. மந்திரத்தையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, கேம் உங்களுக்காக எதையும் குறிச்சு வைக்காது. அந்த அம்மாவுக்குக் குடுக்க வேண்டியதை ஒழுங்கா குடுங்க.