கால் கழுவ வேண்டியவர்கள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வாலிபத் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "ஐயா, நான் இரட்சிக்கப்பட்டு நாலு வருஷம் ஆகிறது. என் பாவம் முழுவதும் சிலுவையிலேயே மன்னிக்கப்பட்டுவிட்டது என்றால், ஞாயிறுதோறும் எதற்கு இன்னும் பாவ அறிக்கை ஜெபம்? திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால் சிலுவையை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?" என்று கேட்டான். அவன் கைபேசியில் கேட்ட ஒரு பிரசங்கத்தில் அப்படித்தான் சொன்னார்களாம்.

அன்றைக்கு நின்றபடியே நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று வீடு வந்து சேரும் வரை மனதில் உறுத்தியது. இந்த உரையை அந்தத் தம்பிக்குத் தர வேண்டிய பதிலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் கேட்டதில் பாதி முழுச் சத்தியம். "ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்" என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. அதில் ஒரு எழுத்தையும் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. சாகும் நேரத்தில் ஏதாவது ஒரு பாவத்தைச் சொல்ல மறந்துவிட்டால் நரகம்தானோ என்று தூக்கம் கெட்டுத் தவித்த விசுவாசிகளை நான் பார்த்திருக்கிறேன். படுக்கையில் கிடந்த ஒரு வயதான அம்மா, எண்ணி எண்ணிப் பார்த்து, "இன்னும் ஏதோ ஒன்று விட்டுப்போச்சு ஐயா" என்று அழுதார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ரோமர் எட்டாம் அதிகாரத்தை வாசித்தேன். நம்மைக் காப்பாற்றுவது நம்முடைய ஞாபகசக்தி இல்லை, கிறிஸ்துவின் இரத்தம்.

சரி, அப்படியானால் அறிக்கை எதற்கு?

யோவான் தன் முதலாம் நிருபத்தில் எழுதுகிறார்: "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." இந்த வசனம் விசுவாசிகளுக்கு எழுதப்பட்டதே இல்லை, தங்களுக்குப் பாவமே இல்லை என்று சொல்லித் திரிந்த கள்ளப் போதகர்களுக்கு எழுதப்பட்டது என்று இப்போது சிலர் விளக்குகிறார்கள். "என் பிள்ளைகளே" என்று அழைப்பது இரண்டாம் அதிகாரத்தில்தானே வருகிறது என்கிறார்கள். ஆனால் யோவான் அதிகாரம் பிரித்து எழுதவில்லை. அந்தப் பிரிவுகள் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, கடிதத்தின் நடுவே மற்றவர்கள் போட்ட கோடுகள். அதைவிட முக்கியம், "நாம்" என்ற சொல். கர்த்தரின் மார்பில் சாய்ந்திருந்த சீஷன், வயது முதிர்ந்த காலத்தில், "நாம் அறிக்கையிட்டால்" என்று தன்னையும் சேர்த்து எழுதுகிறார். அந்த வயதில் அவருக்கே தேவைப்பட்டது எனக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

இதே யோவான்தான் மேல்வீட்டில் நடந்ததையும் எழுதி வைத்தார். இயேசு பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். முதலில் வேண்டாம் என்று தடுத்த பேதுரு, அப்புறம் "ஆண்டவரே, என் கால்களைமாத்திரமல்ல, என் கைகளையும் என் தலையையும்கூடக் கழுவவேண்டும்" என்கிறார். அதற்குக் கிடைத்த பதில்: "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும், மற்றப்படி அவன் முழுவதும் சுத்தமாயிருக்கிறான்." வீட்டில் குளித்துவிட்டு விருந்துக்குப் புறப்பட்டவன் மறுபடியும் குளிக்க வேண்டியதில்லை. ஆனால் தெருப் புழுதியில் நடந்துதானே வந்தான்? நம் கிராமத்து வீடுகளிலும் வந்தவர்கள் கால் கழுவ வாசலில் தண்ணீர் இருக்கும். யாரும் அதை "நீ அசுத்தமானவன்" என்ற குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே வா, சாப்பிடு என்ற அழைப்புதான் அது.

தாவீதும் ஐம்பத்தொன்றாம் சங்கீதத்தில் இரட்சிப்பைத் திரும்பத் தாரும் என்று கேட்கவில்லை. "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்று கேட்கிறார். மறைத்து வைத்த பாவம் முதலில் தின்பது அந்தச் சந்தோஷத்தைத்தான். "நான் அடக்கிவைத்தமட்டும் என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று இன்னொரு சங்கீதத்தில் சொல்கிறார். அனுபவித்தவர்களுக்கு இந்த எலும்பு வலி தெரியும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அறிக்கையிடுதலுக்கு உள்ள சொல்லைப் பிரித்தால், "அதையே சொல்லுதல்" என்று பொருள் வரும். கடவுள் ஒன்றை என்ன பெயரால் அழைக்கிறாரோ, அந்தப் பெயரையே நானும் சொல்வது. நாமோ பொய்க்குச் "சமாளிப்பு" என்று பெயர் வைத்திருக்கிறோம், லஞ்சத்துக்கு "செலவு" என்கிறோம். ஜெபத்தில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, "அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். அந்த ஜெபம் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த "அறிந்தும்" என்ற சொல்லுக்குள் எத்தனையை ஒளித்து வைக்கிறோம்!

தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று எது தெரியுமா? 1580இல் கொச்சியில் அச்சான "கொம்பெசியோனாயரு". போர்ச்சுகீசிய இயேசு சபைப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் ஆயத்தப்படுத்திய, பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் புத்தகம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கிறிஸ்தவர்களாக வாழ்ந்த ஒரு ஜனத்துக்கு, அச்சு இயந்திரம் கிடைத்த உடனே கொடுத்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். பாதிரியாரின் காதில் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனாலும் அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்த லூத்தர் 1517இல் எழுதிய தொண்ணூற்றைந்து வாக்கியங்களில் முதல் வாக்கியமே, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான்.

விசுவாசிகள் பெயர் சொல்லி அறிக்கையிட்டால் என்ன நடக்கும் என்று கொரியாவில் பார்த்தார்கள். 1903இல் வொன்சான் ஊரில், ஹார்டி என்ற கனடா நாட்டு மருத்துவ மிஷனரி, கொரியச் சபையார் முன்னால் எழுந்து தன் பெருமையையும் அவிசுவாசத்தையும் ஒத்துக்கொண்டார். மிஷனரியின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அந்த மக்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 1907 ஜனவரியில் பியாங்யாங் நகரில் வேதபாட வகுப்புக்கு ஆண்கள் கூடியிருந்தபோது, கில் சொன்ஜு என்ற சபை மூப்பர் எழுந்தார். இறந்துபோன நண்பர் ஒருவர் தன் மனைவிக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நம்பி ஒப்படைத்திருந்தார். அதில் ஏறக்குறைய நூறு டாலரைத் தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். "நான் ஒரு ஆகான்" என்றார். யோசுவாவின் காலத்தில், எடுக்கக் கூடாத பொருளை எடுத்துக் கூடாரத்துக்குள் ஒளித்து வைத்தவன் ஆகான். அந்த விதவையிடம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஊருக்குள் திருடிய பொருளும் வாங்கிய கடனும் சொந்தக்காரரைத் தேடிப் போயின. எழுந்து நின்றவர்கள் புதிதாகக் கிறிஸ்துவிடம் வந்தவர்கள் இல்லை. சபையைத் தாங்கி நின்றவர்கள். அதே வருஷம் கில் சொன்ஜு போதகராக அபிஷேகம் பெற்றார்.

எல்லாப் பாவத்தையும் மேடை ஏறிச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடவுளுக்கு விரோதமாக மட்டும் செய்ததைக் கடவுளிடம் சொன்னால் போதும். அடுத்தவர் மானத்தைக் கெடுக்கும் விவரங்களைச் சபை நடுவே கொட்டுவது அறிக்கை ஆகாது. ஆனால் ஒரு மனிதனுக்கு விரோதமாகச் செய்ததை அந்த மனிதனிடம் சொல்லத்தான் வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்றார் கர்த்தர். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். ஒரு வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வசூலித்த தேர்வுக் கட்டணத்தில் நூற்றிருபது ரூபாய் குறைந்தது. வசூலித்துத் தந்தவன் வகுப்புத் தலைவன். மொத்த வகுப்பின் முன்னால் அவனை எழுப்பி, "எடுத்தியா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் காலை அவன் அம்மா வந்து, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து, ஒன்றும் பேசாமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் கழித்து, வருகைப் பதிவேட்டுக்குப் போட்டிருந்த பழுப்புத்தாள் அட்டையின் மடிப்புக்குள் அந்த நோட்டுகள் இருந்தன. நானே செருகி வைத்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது நான் இரட்சிக்கப்பட்டவன், ஓய்வுநாள் பள்ளி நடத்தினவன். ராத்திரிதோறும் முழங்காலில் நின்று அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை மன்னியும் என்று ஜெபித்தேன். அவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். இரண்டு வருஷம் வேதத்தைத் திறந்தால் எனக்கு எழுத்து மட்டும்தான் தெரிந்தது. ஒரு திருவிருந்து ஆராதனையில், அறிக்கை ஜெபத்துக்குப் பின் வரும் அந்தச் சிறிய அமைதியில், அவன் பெயர் என் நாக்கில் வந்தது. பந்திக்குப் போகாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பணத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கையில் கிரீஸ் கறையோடு வாசலுக்கு வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பணம் எங்கே இருந்தது, எத்தனை நாள் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். "தம்பி, நான் உனக்கு அநியாயம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிரு" என்றேன்.

அவன் கவரை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். அப்புறம் சொன்னான்: "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும் சார். அம்மாவுக்குத்தான் தெரியாது. உள்ள வாங்க, அம்மாகிட்ட சொல்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.