பட்டியின் கதவு

அனைவருக்கும் வணக்கம்.

குடியிருப்புப் பக்கம் சிறுத்தை நடமாடுகிறது என்றதும் எழுகிற முதல் குரல், "பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விடுங்கள்" என்பதுதான். கேட்க நியாயமாகவே இருக்கிறது. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். மகாராஷ்டிர மாநிலம் ஜுன்னரில் நடந்ததைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

அங்கே 2001 வரை சிறுத்தைகள் மனிதரைத் தாக்கியது ஆண்டுக்குச் சராசரியாக 4 முறை. அந்த ஆண்டில் கூண்டு வைத்துப் பிடித்து, சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த காடுகளில் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். தாக்குதல் குறைய வேண்டும் அல்லவா? ஆண்டுக்கு 17 ஆகிவிட்டது. வித்யா ஆத்ரேயாவும் உடன் பணிபுரிந்த ஆய்வாளர்களும் இதை 2011-இல் வெளியிட்டார்கள்.

ஒரு சிறுத்தைக்குத் தன் எல்லைக்குள் எங்கே தண்ணீர், எங்கே ஒதுங்கலாம், மனிதர்கள் எந்த நேரத்தில் எந்த வழியாக வருவார்கள் என்பதெல்லாம் அத்துபடி. ஒதுங்கி வாழக் கற்றுக்கொண்ட விலங்கு அது. அதைப் பிடித்து, மிரட்டி, முன்பின் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? சில சிறுத்தைகள் பழைய இடத்தைத் தேடி நடக்கின்றன. காலியான இடத்துக்கு வேறொன்று வந்து சேர்கிறது. பிடிபட்டது தாய் என்றால், குட்டிகளின் கதி என்ன?

அதே மாநிலத்தின் அகோலேயில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 சிறுத்தைகள், 5 கழுதைப்புலிகள் இருந்ததாக 2013-இல் கணக்குச் சொன்னார்கள். காடே இல்லாத இடம். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் பூமி. ஆக, அவை வழிதவறி வந்தவை அல்ல, அங்கேயே குடியிருப்பவை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? நான் முதலில் கைகாட்டுவது இரவில் ஆடு அடைக்கும் பட்டியைத்தான். இமயமலைப் பகுதியில் கற்சுவர்ப் பட்டிகளுக்குக் கூரை இருக்காது. பனிச்சிறுத்தை மேலிருந்து குதிக்கும். தப்ப வழியில்லாத ஆடுகள் மிரண்டு அங்குமிங்கும் ஓட, அந்த ஓட்டமே அதை மேலும் மேலும் தாக்கத் தூண்டும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் மொத்தச் செல்வமும் போய்விடும். விடிந்ததும் அந்த மனிதர் கம்பை எடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மேலே ஒரு கம்பிவலை, இறுக்கமான கதவு, இவ்வளவு போதும். லடாக்கில் இப்படிப் பல பட்டிகளைச் சீரமைத்திருக்கிறார்கள்.

பகலுக்கு வேறு வழி வேண்டும். நமீபியாவில் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலியைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்று 1994 முதல் அனடோலியக் காவல் நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. குட்டியிலிருந்தே மந்தையோடு வளர்வதால் அதுதான் தன் குடும்பம் என்று நாய் நினைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் சண்டை கூட நடப்பதில்லை. முன்னால் நின்று குரைத்தாலே சீட்டா விலகிவிடுகிறது. சண்டையில் காலில் அடிபட்டால் சீட்டாவுக்கு வேட்டை ஏது, சாப்பாடு ஏது? போட்ஸ்வானாவில் மாட்டின் பின்புறத்தில் இரண்டு கண்களை வரைந்து பார்த்தார்கள். 4 ஆண்டுகளில் கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ பதுங்கிக் கொல்லவில்லை. எதுவும் வரையாத 835-இல் 15 போயின.

இவ்வளவு செய்தும் சில ஆடுகள் சாகத்தான் செய்யும். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. காட்டு விலங்கு வாழ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நாம் எல்லோரும். இழப்பு மட்டும் ஆடு மேய்ப்பவருக்கு. இழப்பீட்டுக்காக அவரை மாதக்கணக்கில் அலையவிட்டால், செத்த ஆட்டின் மேல் விஷம் தூவப்படும். அதைத் தின்னும் சிறுத்தை சாகும், நரி சாகும், கடைசியில் இறங்கும் கழுகுகள் கூட்டத்தோடு சாகும். ஆகவே ஆடு செத்த அன்றே ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வாரமே பணம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.