ஷேவிங் பிரஷும் மரக் கைப்பிடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

தினமும் தண்ணீரில் புழங்குகிற ஷேவிங் பிரஷுக்கு மரக் கைப்பிடி தாங்குமா என்று பலர் கேட்கிறார்கள். தாங்கும். ஆனால் வாங்கும்போது எல்லோரும் கைப்பிடியின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அதன் வாயை, அதாவது முடிக்கொத்தைச் செருகி ஒட்டியிருக்கும் குழியின் விளிம்பை.

மரம் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது, அதன் வளர்ச்சி வளையத்தின் போக்கில் 8 சதவீதம் சுருங்குவது சாதாரணம். நீளவாட்டில் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். கைப்பிடியைக் கடையும்போது மரத்தின் இழை பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே ஓடும். அதனால் குழி தோண்டும் இடத்தில் மரத்தின் நுண்குழாய்கள் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும். தண்ணீர் மிக வேகமாக ஏறுவது அந்த வழியாகத்தான். வெளியே எத்தனை பூச்சு வார்னிஷ் அடித்தாலும், குழிக்குள் பூசாமல் விட்டிருந்தால் பயன் குறைவு.

உள்ளே இருக்கும் எபாக்ஸிப் பசை கல் மாதிரி இறுகியிருக்கும். ஈரம் குடித்த மரம் காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது அந்தப் பசைக் கட்டி இடம் கொடுக்காது. வேறு வழியில்லாமல் விளிம்பில் மரம் பிளந்து, விரிசல் இழையோடு கீழே இறங்கும்.

விலை உயர்ந்த மரம் என்றால் பிழைத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. கருங்காலி கனமானது, அழகானது, ஆனால் சுலபமாக வெடிக்கும். தேக்கு அவ்வளவு ஆட்டம் காட்டாது. வெற்றிடத்தில் பிசினை உள்ளே ஏற்றி, சூட்டில் இறுக்கிய மரமும் கிடைக்கிறது. அது இன்னும் நம்பகமானது. தொட்டால் பிளாஸ்டிக் சாயல் தெரிகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முடியை மட்டும் நனையுங்கள், கழுத்து முங்கக் குவளையில் ஊறப்போடாதீர்கள். அலசியதும் உதறி, துண்டில் துடைத்து, காற்றோட்டமாக வையுங்கள். நிறுத்தி வைப்பதா, தலைகீழாகத் தொங்கவிடுவதா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. மூடிய டப்பாவில் ஈரத்தோடு போடாமல் இருந்தால் போதும்.

எப்போதாவது விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வார்னிஷ் வெளுத்தோ உரிந்தோ இருந்தால் சில நாள் நன்றாகக் காயவிட்டு, நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். முடிக்கொத்து கழன்று வந்தாலும் கைப்பிடியைத் தூக்கி எறிய வேண்டாம். குழியைச் சுத்தம் செய்து, உள்சுவருக்கும் பூச்சு கொடுத்த பிறகு புதுக் கொத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

வணக்கம்.